பேசாமல் ஏறிய மலை

எங்கள் மலையேறும் குழுவுக்குப் பெயர் கிடையாது. பதிவு கிடையாது, சந்தா கிடையாது, தலைவர் செயலாளர் யாரும் கிடையாது. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திண்டுக்கல் பேருந்து நிலையத்து டீக்கடை முன்னால் யார் யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் குழு. அங்கிருந்து பஸ்ஸில் அடிவாரம் போய், ஒற்றையடிப் பாதையில் சிறுமலைக்கு ஏறுவோம். நல்ல தார்ச்சாலை இருக்கும்போது எதற்குக் கல்லிலும் முள்ளிலும் போய்ச் சாகிறீர்கள் என்று என் மனைவி கேட்காத மாதமே இல்லை.

ஆரம்பித்தவர் ஒரு வங்கி மேனேஜர், பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்துக்காரர். சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொன்னதும், தனியாக நடக்க அலுப்பாக இருக்கிறதென்று ஆள் சேர்த்தார். அவருடைய வங்கிக்குப் பக்கத்துக் கட்டடத்து மாடியில் நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இருந்தது. அதற்குக் காரணம் என் முன்கோபம் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவிதான் காரணம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னோடு சேர்ந்து வந்தவன் கண்ணாடிக்கடைக்காரன். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்பவன். அவன் போட்டிருப்பது சோடாபுட்டி. ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். நான் அவனை மாப்ள என்பேன், அவனும் என்னை மாப்ள என்பான். நாலாவது ஆள் நர்ஸ் அக்கா. எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், கத்தோலிக்கர். சனிக்கிழமை மாலைப் பூசை பார்த்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கும் அது செல்லும் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் மலைக்கு வந்தார். இன்னும் சிலர் வருவார்கள், பிறகு நின்றுவிடுவார்கள். நாங்கள் நால்வரும்தான் விடாமல் போனவர்கள்.

முதல் தடவை பாதி வழியில் வாந்தி எடுத்தேன். மூன்றாம் தடவை முழுதாக ஏறினேன். ஒரு வருடத்தில் பிரஷர் மாத்திரை பாதியானது. டைப் அடிக்கும் பிள்ளைகள் தப்புச் செய்தால் ஸ்கேலால் மேசையைத் தட்டுகிற பழக்கமும் எப்போது போனதென்று தெரியாமல் போயிருந்தது. மேலே போய் மலை வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டு, கீழே பொட்டுப்போலக் கிடக்கும் எங்கள் ஊரைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. இவ்வளவு சின்ன ஊருக்குள்ளா இவ்வளவு சண்டை போட்டேன் என்று தோன்றும். இறங்கியதும் மறந்துவிடும்.

நடப்பதற்கு மேனேஜர் ஒரே ஒரு வழக்கம் வைத்திருந்தார். வரிசையாகத்தான் போக வேண்டும். முன்னால் போகிறவர் காலடியில் எதைப் பார்த்தாலும் பின்னால் வருபவருக்குச் சொல்ல வேண்டும். கல்லு, முள்ளு, வழுக்குது, எறும்பு. கேட்டவர் தனக்குப் பின்னால் இருப்பவருக்குச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் வரைக்கும் அந்த வார்த்தை போய்ச் சேரும்.

இரண்டாவது வருடம் கண்ணாடிக்கடைக்காரன் தன் மகளுக்குக் காதுகுத்து வைத்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவனும் அவன் மனைவியும் தட்டில் வெற்றிலை பாக்கோடு போய்ப் பத்திரிகை வைத்தார்கள். எனக்கு மட்டும் கடையில் வேலை பார்த்த பெண்ணிடம் கொடுத்தனுப்பினான். "ஒரே பெஞ்சுல ஒக்காந்தவனுக்கு ஒரு எட்டு வந்து கூப்பிட முடியலையாக்கும்" என்று பத்திரிகையை அலமாரிக்கு மேலே வீசினேன். விசேஷத்துக்குப் போகவில்லை. "எம் மக காதுகுத்துக்கு வராதவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று அவன் மேனேஜரிடம் சொன்னதாக என் காதுக்கு வந்தது. அத்தோடு பேச்சு நின்றது.

எங்கள் பக்கம் பேச்சை நிறுத்துவது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பேசாமலே பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்த அண்ணன் தம்பிகள் உண்டு. ஆனால் மலைக்குப் போவதை நாங்கள் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. அவன் வருகிறான் என்று நான் நின்றால் தோற்றது நானாகிவிடும். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

வரிசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் நர்ஸ் அக்கா நடக்க ஆரம்பித்தார். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, தானாக அமைந்துவிட்டது. நான் "கல்லுக்கா" என்பேன். அக்கா திரும்பி "கல்லாம்ப்பா" என்பார். அவன் முன்னால் போகும் நாட்களில் "அக்கா, முள்ளு கெடக்கு, வாரவங்ககிட்ட சொல்லிருங்க" என்பான். வாரவங்க என்பது நான்.

"ஏம்ப்பா, நான் என்ன டெலிபோன் கம்பியா? இவன் சொன்னத அவனுக்கும் அவன் சொன்னத இவனுக்கும் கடத்திக்கிட்டு. எரும மாடு கணக்கா வளந்திருக்கீங்க, வெக்கமா இல்ல?" என்று ஏச்சு விழும். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொள்வோம். இப்படியே நான்கு வருடம் ஓடியது.

இரண்டாயிரம் பிறந்ததற்கு அடுத்த வருடம், ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. தங்கை மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மைச் சடங்கு என்று அக்கா வரவில்லை. மேனேஜர், நான், அவன், மூன்று பேர்தான். ஏறும்போது நான் முன்னால், மேனேஜர் நடுவில், அவன் கடைசி. பாதி வழியில் ஒரு பெரிய பாறையருகே, மேலிருந்து இறங்குகிறவர்களுக்குப் பாதை இரண்டாகப் பிரியும். வாழைத்தார் சுமக்கும் குதிரைகள் முன்பு போய்வந்த அகலமான பாதை ஒன்று. நாங்கள் போகும் ஒற்றையடி இன்னொன்று. குதிரைப் பாதை கொஞ்ச தூரத்தில் மழையில் அரித்துக்கொண்டு போய், ஓடையை நோக்கிச் சரிந்து கிடந்ததைப் பார்த்தேன். "அந்தப் பாதை இடிஞ்சு கெடக்கு சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் சொல்லவில்லை. அவர் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். என் வேலை முடிந்தது என்று நடந்துவிட்டேன்.

இறங்கும்போது மேனேஜருக்குப் பசி வந்துவிட்டது. சர்க்கரைக்காரர், பசி தாங்க மாட்டார். "நான் அடிவாரத்து டீக்கடைல இருக்கறனுங்க, மெதுவா வாங்க" என்று வேகமாக முன்னால் போய்விட்டார். அதன் பிறகு மலையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவன் முன்னால், நான் இருபது முப்பது அடி பின்னால். காலையில் பெய்த தூறல் விட்டு நல்ல வெயில் வந்திருந்தது. எதிர்ச்சரிவில் மேய்ந்த மாடுகளை எண்ணலாம், அவ்வளவு தெளிவு.

பாறையருகே அவன் ஏதோ நினைப்பில் குதிரைப் பாதையில் திரும்பினான்.

நான் பாறைக்கு வந்து நின்றேன். கூப்பிட வேண்டும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? நடுவில் அக்கா இல்லை. மாப்ள என்றால் நான்கு வருடம் காத்த மானம் அந்த ஒரு சொல்லில் போய்விடும். சார் என்றால் சிரிப்பாய்ச் சிரிப்பான். இடிந்த இடத்தைப் பார்த்ததும் அவனே திரும்பி வரட்டும், ஒரு பத்து நிமிடம் அலைந்தால் என்ன குறைந்துபோகும் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் சரியான பாதையில் இறங்கினேன்.

டீக்கடையில் மேனேஜர் கேட்டார். "ஏனுங்க, அவரு எங்கீங்க?"

"பின்னாடி வாராரு."

கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. என் கையிலிருந்த டீயில் ஆடை கட்டிவிட்டது. மேனேஜர் எழுந்து பாதையைப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தார். "குதிரைப் பாதைல போயிருப்பாரோ என்னமோ" என்று, அப்போதுதான் தோன்றியதுபோலச் சொன்னேன். சொல்லிவிட்டு டம்ளரை வைத்த இடம் தெரியாமல் மேலே ஓடினேன்.

அந்த ஏற்றத்தை அவ்வளவு வேகமாக அதற்கு முன்பும் ஏறியதில்லை, பின்பும் ஏறியதில்லை. அவன் செத்துக் கிடந்தால் கொன்றது நான். இதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. பாறைக்கு வந்து "ஹலோ" என்று கத்தினேன். அந்த நிலையிலும் ஹலோதான் வந்தது. பதில் இல்லை. குதிரைப் பாதையில் இறங்கி, மண் சரிந்த விளிம்பில் நின்றேன். செடிகள் ஒடிந்து, ஆள் உருண்ட தடம் தெரிந்தது.

"மாப்ள! ஏலே மாப்ள!"

"கத்தாதடா, இங்கனதான் கெடக்கேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

ஓடைக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்தான். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கண்ணாடி எங்கோ விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் அவனுக்குத் தன் கையே சரியாகத் தெரியாது. அதனால் ஒரு அடி நகரப் பயந்து அப்படியே இருந்திருக்கிறான். நான் இறங்கிப் பக்கத்தில் போனேன். பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்த மேனேஜர் விளிம்பிலிருந்தே பார்த்துவிட்டு, "குதிரை கூட்டியாறேனுங்க" என்று மலைமேல் இருந்த ஊரைப் பார்த்து நடந்தார்.

குதிரை வர ஒரு மணி நேரம் ஆனது. நான் செடிக்குள் தேடிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் விரிசல். போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். அவன்தான் முதலில் பேசினான்.

"நீ பாறைகிட்ட நின்னதப் பார்த்தேன்."

நான் அவன் சட்டையில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கினேன்.

"நான் தப்பாப் போறேன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இல்லாட்டி நீ எதுக்கு நிக்கிற? கூப்பிடுவேன்னு நெனச்சு ஒரு பத்தடி மெதுவாத்தான் நடந்தேன்."

"தெரிஞ்சும் ஏன்டா திரும்பி வரல?"

"நீ கூப்பிடாம நான் எப்பிடி வாரது?"

அவன் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நியாயத்தை எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னான். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்காக இரண்டு பேர் சேர்ந்து ஒரு காலை ஒடித்திருக்கிறோம். அவனுக்கு வலியில் உடம்பு நடுங்கியது. சட்டையைக் கழற்றிப் போர்த்திவிட்டேன். "வேர்வ நாத்தம் தாங்கல" என்றான்.

குதிரையில் ஏற்றி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இறக்கினோம். அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்தோம். கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. அறுவை முடித்த டாக்டர், இனிமேல் தெருவில் நடப்பதே விந்தி விந்தித்தான், மலை என்ற பேச்சையே விட்டுவிடச் சொல்லுங்கள் என்று அவன் மனைவியிடம் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

மறுநாள் வார்டில் அவன் கட்டிலைச் சுற்றி மேனேஜர், நான், யூனிபாரத்தோடு அக்கா. அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். "அம்புட்டுப் பெரிய பாறைகிட்ட பாத மாறிப் போயிருக்கான். நீ பின்னாடிதான வந்த? பாக்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான். "பனிக்கா. ரெண்டடிக்கு அங்கிட்டு ஒண்ணும் தெரியல. இவன் என்ன செய்வான்?"

எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்றிருந்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். அவரும் அந்த வெயிலில் நடந்து இறங்கியவர்தானே. நான் மாவுக்கட்டைப் பார்த்தேன்.

"பனியெல்லாம் இல்லக்கா. நல்லா வெயிலடிச்சது. இவன் திரும்புனதப் பார்த்தேன். கூப்பிடல."

அக்கா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நாலு வருசம் நடுவுல நடந்தேன் பாரு, அது எந் தப்பு. மொத மாசமே உங்க ரெண்டு பேரையும் ஒருத்தன் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தன விட்டிருக்கணும்" என்றார். அடுத்த கட்டில் நோயாளிக்கு ஊசி போடப் போய்விட்டார்.

அவன் என்னை முறைத்தான். "ஏன்டா, நான் ஒரு பொய் சொன்னா அதக்கூட நிக்க விட மாட்டியா?"

"கால் போச்சேடா."

"எங்காலு. எனக்குத் தெரியாதா? அது கெடக்கட்டும், என்ன கொண்டாந்த?"

நான் கையைப் பார்த்தேன். ஒன்றும் கொண்டுவரவில்லை. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாதென்று எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரவெல்லாம் தூங்காமல், காலையில் எழுந்து அப்படியே வந்திருந்தேன்.

"பாருங்க சார்" என்றான் மேனேஜரிடம். "நாலு வருசம் கழிச்சுப் பாக்க வாரான், ஒரு ஆரஞ்சு கூட இல்லாம கைய வீசிக்கிட்டு வாரான். இவன வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

இதைவிடச் சின்னக் குற்றத்துக்குத்தான் நான்கு வருடம் பேசாமல் இருந்தோம். "இருடா, வாங்கிட்டு வாரேன்" என்று கீழே இறங்கினேன். படிக்கட்டுத் திருப்பத்தில் என்னால் முடியவில்லை. போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்கச் சுவரோடு சாய்ந்து அழுதேன்.

ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மேலே போனபோது மேனேஜர் கிளம்பியிருந்தார், அவன் மருந்து மயக்கத்தில் தூங்கிப்போயிருந்தான். பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எழுந்ததும் இவ்வளவு நேரமா என்று திட்டுவான். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.