ஆறு மணிக்குப் போகும் கரண்ட்

திருவேற்காட்டில் எங்கள் தெருவின் கடைசி வீடு சுலோசனாவுடையது. பதினான்காவது வாசல். தண்ணீர்க் குழாயும் தெருவோடு நீண்டு வந்து அவள் வீட்டில்தான் முடிகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஆறிலிருந்து ஏழு வரை தண்ணீர் வரும். மற்ற வீடுகளுக்கு வரும். அவளுக்குச் சொட்டும்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்கு. ஏழேகாலுக்கு வேன். அதற்குள் கணவர் பூபாலனைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வயர்மேனாக இருந்தவர். பக்கவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கை. குழாய் ஏமாற்றுகிற காலைகளில் அவரை அப்படியே விட்டுப்போக அவளுக்கு மனசு வராது. பக்கத்துத் தெருக் கைப்பம்புக்குக் குடத்தோடு ஓடுவாள். வேன் போய்விடும். இன்னொரு தடவை லேட் ஆனால் வேலைக்கே வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

சந்தேகம் ஏப்ரலில் பிடித்தது. ஒரு விடிகாலையில் டிரான்ஸ்பார்மர் பழுதாகித் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. அன்றைக்கு அவள் குழாயில் தண்ணீர் குடத்தைச் சாய்த்துவிடும் வேகத்தில் வந்தது. அவள் சந்தோஷப்படவில்லை. கரண்ட் போனால் தண்ணீர் ஏன் வருகிறது என்று குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த முறை பால் வாங்கப் போகிறவள் போல ஆறு மணிக்குத் தெருவில் நடந்தாள். வீட்டுக்கு வீடு வாஷிங் மிஷின் ஓடியது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து மாடிக் கொடிகளை அண்ணாந்து பார்த்தாள். ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை. துணியே இல்லாமல் எதற்கு மிஷின்? வேறு ஏதோ சத்தத்தை மறைப்பதற்கு. மெயின் பைப்பிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு தெருவில் யார் சிரித்துப் பேசினாலும் அவள் கண் அவர்கள் வீட்டுச் சுவரின் அடிப்பக்கம் போய் நின்றது.

அவள் நினைத்தது சரிதான். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. எல்லாரும் போடுகிறார்கள், நாம் மட்டும் சும்மா இருந்தால் நமக்கு வராது என்பார் அப்பா. பன்னிரண்டு வீடுகளில் இதே பேச்சு.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் தண்ணீர் ஆபீஸுக்குப் போனாள். புகார் யார் மேல், பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். தெரு மேல என்றாள். தாளில் ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருந்தது. தெருவின் மேலெல்லாம் புகார் வாங்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மே மாதத்திலிருந்து காலை ஆறு மணிக்குக் கரண்ட் போக ஆரம்பித்தது. அரை மணி நேரம் போகும், தானாக வரும். முதலில் வெயிலைத் திட்டினார்கள். பிறகு, தண்ணீர் வரும் நாளில் மட்டும் போகிறது என்பதைக் கவனித்தார்கள். கவனித்தும் வாய் திறக்க முடியவில்லை. அந்நேரத்துக்கு உங்களுக்குக் கரண்ட் எதற்கு என்று யாராவது கேட்டுவிட்டால்? லைன்மேனைச் சந்தேகப்பட்டார்கள். அப்புறம் பக்கத்துத் தெருவை. அப்புறம் ஒருவரை ஒருவர்.

எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக இரண்டு முறை பார்த்திருந்தேன். சுலோசனாதான். பூபாலனின் பழைய ரப்பர் கையுறைகளைப் போட்டுக்கொண்டு, தெருமூலையிலிருக்கும் கரண்ட் பெட்டியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கிக் குடத்துக்குள் போட்டுக்கொள்வாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

நலச்சங்கச் செயலாளர் நடேசன், ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு வெள்ளிக்கிழமை தன் காருக்குள்ளேயே உட்கார்ந்து காத்திருந்து அவளைப் பிடித்தார்.

"ஏம்மா, இது என்ன கேஸ் தெரியுமா? ஒருத்தருக்குச் செய்யற தொல்லை இல்ல இது. தெருவுக்கே செய்யற தொல்லை. போலீஸ்ல சொன்னா உள்ள வெச்சிடுவான்."

சுலோசனா கையுறையைக் கழற்றவில்லை.

"வா சார், போலாம். உங்க ஊட்டு மிஷினுக்குப் பின்னால இன்னா கீதுன்னு நானே காட்டறேன். அது யாருக்குத் தொல்லைன்னு அவங்களே சொல்லட்டும்."

மாடிகளில் எட்டிப் பார்த்த தலைகள் உள்ளே போயின.

அப்போது இரண்டாம் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆக்னஸ் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். முகப்பேரில் பள்ளி ஆசிரியை. ஆஸ்துமாக்காரி. மருந்துப்புகை இழுக்கிற மிஷினின் முகமூடி கையில் தொங்கியது.

"அக்கா... மிஷின் நின்னுடுச்சு. கரண்ட்... எப்ப வரும்?"

ஆக்னஸுக்கு ஃபியூஸ் விஷயம் ஒன்றும் தெரியாது. அவள் வீட்டில் மோட்டாரும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. சுலோசனா அவளைப் பார்த்துக்கொண்டே குடத்துக்குள் கைவிட்டாள். ஃபியூஸை எடுத்துப் பெட்டியில் மாட்டினாள்.

"வந்துச்சு, கண்ணு. மேல போ."

தெரு முழுக்க மிஷின்கள் ஒன்றாக உறும ஆரம்பித்தன. கடைசி வீட்டில் குழாய் இழுத்து மூச்சுவிட்டு நின்றது. அந்தச் சத்தம் எல்லார் காதிலும் விழுந்தது. சுலோசனா யாரையும் பார்க்காமல் கரண்ட் பெட்டியைச் சாத்திவிட்டு, அரைக் குடத் தண்ணீர் சேர்ந்திருந்த தன் வாசலுக்கு நடந்தாள்.

நடேசன் உள்ளே போனார். அவர் வீட்டுச் சத்தம் நின்றது. அப்புறம் எதிர்வீடு. ஒவ்வொன்றாக நின்றன, கடைசிக்கு முந்தியது எங்களுடையது. அன்றைக்குச் சுலோசனா வேனை எப்படியோ ஓடிப் பிடித்துவிட்டாள்.

அதிலிருந்து ஆறரை வரை யாரும் மோட்டார் போடுவதில்லை. இதற்காகக் கூட்டம் நடக்கவில்லை, தீர்மானம் எழுதவில்லை, தன்னிடம் மோட்டார் இருப்பதாக ஒருவரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. அவள் வேலை இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த அரை மணி நேரம் ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை ஆறு இருபதுக்கே எங்கிருந்தோ லேசாக ஒரு முனகல் கேட்டது. சுலோசனா தெருவுக்கு வந்து நின்றாள். முனகல் அடங்கியது. எந்த வீடு என்று எல்லாரும் பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள். அப்பாவும் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு வாசலுக்கு வந்து எதிர்வீட்டை முறைத்தார்.