மணிப்பூவும் கவ்வாத்துக் கத்தியும்

மழை விட்டும் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருந்த ஒரு கார்த்திகை மாலையில், எலுமிச்சை இலையைக் கசக்கிப் பாலில் போட்டதுபோல ஒரு வாசம் எங்கள் முற்றத்துக்கு வந்தபோது, அதை முகர அம்மா இருந்தார், நானும் தங்கச்சியும் இருந்தோம், வேலிக்கு அந்தப் பக்கம் பரமேஸ் மாமி இருந்தார். அப்பா இல்லை. சிறுநீரகம் பழுதாகி அவர் வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அந்த வாசத்துக்காக அம்மா ஐந்தாறு வருடம் காத்திருந்தார்.

இடம்பெயர்ந்து திரிந்து கனகராயன்குளத்துக் காணிக்கு நாங்கள் திரும்பி வந்து, தகரமும் தறப்பாளுமாக ஒரு கொட்டில் போட்டுக்கொண்ட காலத்தில், அம்மா பிறந்து வளர்ந்த மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த பெரியம்மா எங்களைப் பார்க்க வந்தார். அரிசியோ உடுப்போ கொண்டு வருவார் என்று நாங்கள் நினைத்திருக்க, அவர் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு முழத் தடியைக் கொண்டு வந்தார். "நம்ம லயத்துல தண்ணி புடிக்கிற பீலிக்கரையில நின்னதே, அந்த மணிப்பூ" என்று அவர் சொன்னதும், ஆமி, செல், முகாம் எல்லாவற்றிலும் அழாத அம்மா அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பொழுது படுகிற நேரம் கீழ்நோக்கித் தொங்குகிற பூவைப் பற்றியும், கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் கூடையோடு அதன் கீழே நின்று மூச்சிழுப்பதைப் பற்றியும் எங்களுக்குச் சொல்லிச் சொல்லி, அம்மா அதைக் கிணற்றடியில் நட்டார். அதன் பெயர் புருக்மான்சியா என்பதை வெகுகாலத்துக்குப் பிறகு நான் ஒரு புத்தகத்தில் படித்தேன். வீட்டில் அது "மணிப்பூ". யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் செய்த பரமேஸ் மாமிக்கு அது "பேய் ஊமத்தை".

குளிரில் பிறந்த செடி வன்னி வெயிலில் என்ன பாடு படும் என்று சொல்லத் தேவையில்லை. கோடையின் வறண்ட சோளகக் காற்று தொடங்கினால் மத்தியானத்தில் இலையெல்லாம் நனைத்த துணிபோல் தொங்கும். கிணற்றில் நீர் அடிமட்டத்துக்குப் போன நாட்களில், அம்மா உடுப்புத் தோய்க்கிற கல்லையே உருட்டிக்கொண்டுபோய் அதன் அடியில் போட்டார். அலசின தண்ணீர், அரிசி கழுவின தண்ணீர், எங்கள் மேலில் ஊற்றின தண்ணீர் எல்லாம் அதற்கே போய்ச் சேர்ந்தன. இலையைத் தொட்டால் கை கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது. உதிர்ந்ததை ஆடு தின்னாமல் பொறுக்கிப் புதைக்க வேண்டும். இவ்வளவும் செய்தும் பூ இல்லை.

மாமி வேலியால் எட்டிப் பார்ப்பார். "பிள்ளை, உது நஞ்சல்லோ. உதுக்கோ இவ்வளவு சேவகம்? உந்தத் தண்ணிக்கு நாலு கத்தரி வைச்சிருந்தா நானும் வந்து கறிக்கு ஆய்ஞ்சிருப்பன்."

"பூக்கும் மாமி. பூத்தா ஒங்க வீடு வரைக்கும் மணக்கும்" என்பார் அம்மா.

"ஓம் ஓம், நான் செத்தவீட்டுக்குப் பூ வாங்கத் தேவையில்லை."

அப்பாவும் அந்தச் செடிக்குத் தன் பங்கைச் செய்தார். வாலிப வயதில் தோட்டத்தில் "கவ்வாத்து" வெட்டியவர் அவர். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்தில் வெட்டி நிறுத்துகிற அந்த வேலையைத் தவிர, செடிக்குச் செய்ய வேறு மரியாதை அவருக்குத் தெரியாது. பழைய கத்தி இடம்பெயர்வில் தொலைந்துபோக, அதே வளைவில் ஒன்றைப் புளியங்குளத்தில் சொல்லி அடிப்பித்து வைத்திருந்தார். ஒவ்வொரு தைப்பொங்கல் முடிந்ததும் அதைத் தீட்டி, மணிப்பூவை முழங்காலளவில் சரிவாக ஒரே வெட்டாக வெட்டி, வெட்டுவாயில் சாணி பூசுவார். "கவ்வாத்து வெட்டுனாத்தான் மரம் நிக்கும்" என்பார். செடி துளிர்த்து, மாரிக்குள் என் தோளளவு வரும். அடுத்த தையில் மறுபடியும் முழங்காலுக்குப் போகும்.

பிறகு அப்பாவின் கால் வீங்கத் தொடங்கியது. அந்தத் தையில் கத்தி கூரைத் தாழ்வாரத்தில் செருகியபடியே இருந்தது. கிழமையில் இரண்டு தரம், இரத்தம் சுத்தம் செய்ய அம்மா அவரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் போனார். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் மணிப்பூவின் அடி ஈரமாக இருக்கும். ஒருநாள் மாமி கையும் வாளியுமாக அகப்பட்டுக்கொண்டார்.

"நான் ஒண்டும் உதுக்குத் தண்ணி ஊத்தேல்லை. சட்டி கழுவினனான்" என்றார். கையில் சட்டி இல்லை.

வெட்டுவார் இல்லாமல் செடி என் தோளைத் தாண்டி, கூரையைத் தொட்டு, அங்கே இரண்டாகக் கவை பிரிந்தது. மாரி பிறந்ததும் கவைக்கு மேலே மொட்டுகள் வந்தன. முதல் பூ விரிந்த அந்த மாலையில், பப்பாசிப்பழத்தின் சதை நிறத்தில் அது தொங்க, அம்மா அதன் கீழே நின்று கண்ணை மூடிக்கொண்டார். மாமி வேலியைப் பிடித்துக்கொண்டு, "மணக்குதுதான்" என்று மட்டும் சொன்னார். அம்மா பெரியம்மாவுக்குப் போன் எடுத்தார். அந்தப் பக்கத்தில் பெரியம்மா சத்தம் போட்டது எனக்கும் கேட்டது: "அடியே, வருசா வருசம் கவ்வாத்து வெட்டுனீங்களா? கவை விட்டாத்தானே பூக்கும்!"

மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டில் அம்மா அப்பாவின் பக்கத்தில் இருந்து சொன்னார்: "ஏங்க, மணிப்பூ பூத்திருச்சு."

"யாரு கவ்வாத்து வெட்டுனது?"

"யாரும் வெட்டலீங்க. வெட்டாததாலதான் பூத்துச்சாம்."

சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒன்று அப்பாவிடமிருந்து வந்தது. "தேயிலையில பூவக் கண்டா கங்காணி திட்டுவாரு, புள்ள. பூத்தா கொழுந்து கொறஞ்சிரும். அந்தப் பயம் கையில இருந்திருக்கு" என்றார். அம்மா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அப்பா வீட்டுக்கு வந்து பூவைப் பார்க்கவில்லை. அடுத்த தை பிறக்க முன்பே போய்விட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் வருகிறது. தோய்க்கிற கல்லைக் குசினிக்குப் பின்னால், குழாயடிக்கு மாற்றினோம். தண்ணீர் வேறு பக்கம் ஓடத் தொடங்கியது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அப்பா இல்லாத அந்த முதல் கோடையிலேயே மணிப்பூ காய்ந்து வெறும் தடியாகிப்போனது. பரமேஸ் மாமியும் மகளோடு யாழ்ப்பாணம் போய்விட்டார். பெரியம்மாவிடம் இன்னொரு தடி கேட்கட்டுமா என்றேன். "வேணாம் தம்பி, அலுத்துப் போச்சு" என்றார் அம்மா. கத்தி இன்னும் தாழ்வாரத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது. அதை எடுக்க அவர் விடுவதில்லை. ஒரு மாரி முழுக்க வீடு மணந்ததற்கு எங்களுக்கு ஆன செலவு, அந்தக் கத்தியைத் தூக்கிய அப்பாவின் கை.