காணிக்கு நாலு மணி நேரம்

ஏரியில் தண்ணீர் குறைந்த வருடங்களில் எங்கள் பாகூர்ப் பக்கம் ஒரு வழக்கம் இருந்தது. மதகைத் திறந்தால் முதலில் கடைமடை வயல்கள் குடிக்கும். மதகடி வயல்களுக்கு அதன் பிறகுதான். என் ஒரு காணி நிலம் வாய்க்காலின் கடைக்கோடியில் கிடந்தது. வீட்டில் ஐந்து வயிறுகளுக்கும் அதில் விளைவதுதான் சோறு.

மதகடிக்காரர்களுக்கு அந்த வழக்கம் கண்ணை உறுத்தியது. புகார் கொடுத்தார்கள். துரைத்தனத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் குமாஸ்தாவோடு வந்து எங்களைக் கோயில் வாசலில் கூட்டினார். இனி எல்லோருக்கும் காணிக்கு நாலு மணி நேரம். முறை வந்ததும் மதகைத் திறப்போம், கடிகாரம் பார்த்து மூடுவோம் என்றார். பெரிய பண்ணைக்கும் எனக்கும் ஒரே கணக்கு! சம்மதமா என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே கையைத் தூக்கிய முட்டாள் நான்தான்.

வீட்டில் என் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்குங்க கைய தூக்கினீங்க? மதகு எங்க இருக்குது, நம்ம வயலு எங்க இருக்குது?"

"போடி, ஊருக்கே ஒரே சட்டம். இதுக்கு மேல இன்னா ஞாயம் வேணும்?"

என் முறை வந்தது. விடிந்ததும் மதகைத் திறந்தார்கள். மண்வெட்டியோடு வயலில் காத்திருந்தேன். வெடித்துக் கிடந்த வாய்க்கால் வழியெல்லாம் தண்ணீரைக் குடித்தது. என் வரப்பை அது தொட்ட கொஞ்ச நேரத்தில் அங்கே நாலு மணி நேரம் முடிந்து மதகை மூடிவிட்டார்கள். அடுத்தடுத்த முறைகளிலும் இதே கதைதான். கதிர் பால் பிடிக்கும் முன்பே பயிர் கருகியது.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா தமிழில் கேட்டார்.

"ஒனக்கு நேரத்த கொறச்சாங்களா?"

"இல்லீங்க."

"வேற எவனுக்காச்சும் கூட வுட்டாங்களா?"

"இல்லீங்க."

"அப்பொறம் இன்னாபா அநியாயம்?"

அதிகாரி அதட்டியிருந்தால் திட்டிவிட்டாவது வந்திருப்பேன். பரிவாகத்தான் கேட்டார். அநியாயம் என்றால் எவனாவது கூடுதலாகத் தின்றிருக்க வேண்டும் என்றே நாங்கள் பழகியிருந்தோம். இங்கே ஒருவனும் ஒரு நிமிடம்கூடத் திருடவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை மாடுகளை அவிழ்த்து வயலில் விட்டேன். மனைவி தடுக்கவில்லை. பிள்ளைகள்தான், பயிரை மாடு தின்கிறதே என்று கத்திக்கொண்டு விரட்ட ஓடினார்கள்.