மூடாத சூளைப் பள்ளம்

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுத்துக்கேணியில் செங்கல் சூளைக்கு முதலாளி ஆனேன், லாரி வாங்கினேன், மாடி வீடு கட்டினேன். ஒருத்தர் கையையும் எதிர்பார்க்கவில்லை.

போன வாரம், என் சூளைக்கு மண் எடுத்த பள்ளத்துத் தண்ணீரில் தவளை ஆராய்ச்சி செய்யும் பெண், தான் பதிவு செய்த தவளைச் சத்தத்தை லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். "இந்தக் குரல் எந்தப் பதிவுலயும் இல்ல ஐயா. கம்ப்யூட்டர் தனியா பிரிச்சுக் காட்டுது. புது இனமா இருக்கலாம்" என்றாள்.

ணங், ணங். நன்றாக வெந்த இரண்டு செங்கல்லை மோதிப் பார்க்கும் சத்தம்.

சின்ன வயதில் இதே பள்ளத்தில்தான் என் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு மண் மிதித்தார்கள். மழை பிடித்தால், இன்னும் சுடாத பச்சைக் கல்லைக் கீற்றால் மூடிவிட்டு ஒதுங்கி நிற்போம். ஈர மண் வாசனையோடு சூளைப் புகை மூக்கில் ஏறும். பள்ளத்துக்குள்ளிருந்து ணங் என்று கேட்கும்.

"இன்னாடா இது, எவன்டா என் வேலைய பாக்கறவன்?" என்பார், வெந்த கல்லைத் தட்டிப் பார்க்கும் வேலையும் செய்த அப்பா.

"புது மேஸ்திரி. உனக்கு இன்னிக்கு வேல இல்ல, வூட்டுக்குப் போ" என்பாள் அம்மா.

கூலி போன நாளிலும் அவர்கள் சிரித்தது அந்தச் சத்தத்துக்குத்தான்.

பிறகு அந்தச் சூளையை நானே வாங்கினேன். பள்ளத்தைத் தூர்த்து மனை போடச் சொல்லி எத்தனையோ பேர் வந்தார்கள். சத்தம் போய்விடும் என்று மறுத்தேன்.

"கட்டுரைக் கடைசியில உங்களுக்கு நன்றி போடறேன் ஐயா" என்றாள் அந்தப் பெண்.

"நன்றி வேணாம்மா. தவளைக்கு யார் பேர வேணா வையி. பள்ளத்த மூடாம வச்சிருந்தது நான்னு எழுது. அத மொதல்ல எழுது."