பழுதுச் சீட்டு

வேலையில் சேர்ந்த முதல் வருடம் நான் தாமதமாகப் போன நாட்களைவிட, நேரத்துக்குப் போன நாட்களைச் சொல்வது சுலபம். எண்பதுகளின் கடைசி அது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில். நடுவில் அரைமணி நேரப் பாதை. அந்த அரைமணியை ஒன்றரை மணியாக்கத் தெரிந்த ஒரு டவுன் பஸ்.

மதுரையிலிருந்து வரும் பெரிய பஸ்கள் இல்லாமல் இல்லை. காலையில் அவை படியில் ஆள் தொங்க வரும். பக்கத்து ஊருக்குப் போகிறவர்களை ஏதோ தீண்டத்தகாத சாமான் மாதிரி பார்த்துவிட்டுக் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடத்துத் தெருமுனையில் நிற்கவும் நிற்காது. ஆகவே எங்களுக்கு வாய்த்தது இந்த வண்டிதான். ஒரு முதலாளியின் மூன்று வண்டிகளில் இதுதான் மூத்தது.

அதில் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அதனால் டிரைவர் இன்ஜினை அணைக்கவே மாட்டார். அவர் டீ குடிக்கப் போனாலும் வண்டி தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டு நிற்கும். தப்பித் தவறி நின்றுவிட்டால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். பெண்கள் உள்ளே உட்கார்ந்து, தள்ளுகிறவர்களின் பைகளையும் புத்தகங்களையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் மூன்றாவது சன்னலோரம் ஒழுகும். அங்கே ஒருவர் குடை விரித்தபடியே ராஜபாளையம் வரை வந்ததுண்டு. ஏற்றமே இல்லாத சாலையில் ரேடியேட்டர் கொதிக்கும். ஒருநாள் டீசல் டேங்க் கசிந்தபோது, டிரைவர் கை நீட்டியதும் ஒரு பெண் பையிலிருந்து துணி சோப்பை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைப் பிசைந்து ஓட்டையில் அப்பிவிட்டு வண்டியை எடுத்தார். அந்தச் சோப்போடு அது பத்து நாள் ஓடியது.

எங்கள் பள்ளியில் தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். ஒன்பதேகால் மணிக்கு வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். எனக்கு அந்த எழுத்தைத் தந்தவர் கண்டக்டர். மில்லுக்குப் போகிறவர்களுக்காக அவர் ஏற்படுத்தியிருந்த வழக்கம் அது. வண்டி கெட்டுப்போன நாளில் ஒரு துண்டுத் தாளில் பழுது இன்னதென்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவார். வெறுமனே ‘வண்டி பழுது’ என்று எழுதுவது அவருக்குப் பிடிக்காது. ‘ஃபேன் பெல்ட் அறுந்தது.’ ‘பின்சக்கர ஸ்பிரிங் பட்டை முறிந்தது.’ ‘செல்ஃப் எடுக்கவில்லை, பயணிகள் ஒத்துழைப்புடன் கிளப்பப்பட்டது.’ டாக்டர் சீட்டுகூட அவ்வளவு தெளிவாக இருக்காது.

அந்தச் சீட்டுகளை நம்பித்தான் என் வேலை இருந்தது. ஒரு வருடத் தகுதிகாண் பருவம். முடிந்ததும் பெரிய டீச்சர் கையெழுத்திட்டால் நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பாவின் மில் மூடிக் கிடந்தது. வீட்டில் சம்பளம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது நான் ஒருத்திதான்.

இவ்வளவு தெரிந்தும் ஒரு காரியம் செய்தேன். பள்ளிக்கு விடுமுறை இல்லாத ஒரு புரட்டாசி சனிக்கிழமை, விடிவதற்குள் அம்மாவோடு எங்கள் ஊர்ப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள பெருமாள் மலைக்குப் போனேன். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். மலைப்படியில் இருந்த கூட்டம் வேறு மாதிரி நினைத்தது. இறங்கி வருவதற்குள் பஸ்ஸின் வழக்கமான நடை போய்விட்டது. அதே வண்டி திரும்பி வந்து அடுத்த நடை போனபோது ஏறி, கண்டக்டரிடம் சீட்டு கேட்டேன். வண்டி அன்று நன்றாகத்தான் ஓடியிருந்தது. அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுக்கவே யோசித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீசல் லைனில் காற்று அடைத்துக்கொண்டது என்று எழுதித் தந்தார்.

எங்கள் பள்ளி ஆயா அன்று அந்த வழக்கமான நடையில் வந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. வண்டி அதிசயமாக நேரத்துக்கு வந்ததை அவள் ஆபீஸ் அறையில் எல்லோரிடமும் சொல்லி முடித்த பிறகுதான் நான் சீட்டோடு போய் நின்றேன். பெரிய டீச்சர் வாங்கி வைத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஆயா பிறகு சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு பெரிய டீச்சரின் மௌனம் எனக்குச் சோறு இறங்கவிடவில்லை.

மாசியில் என் பணி நிரந்தரத் தாள்கள் அவர் மேஜைக்கு வந்தன. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, நூலில் கோத்து வைத்திருந்த சீட்டுகளைக் காட்டி, ஒரு வண்டி இத்தனை தடவையா கெட்டுப்போகும் என்று கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய தங்கை இருந்தார். நாளைக் காலை அங்கிருந்து அதே பஸ்ஸில் வருகிறேன், வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் கண்டக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் சாட்சி சொல்வார் என்ற நினைப்பு. வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம்.

காலையில் போனால் வண்டி கழுவித் துடைத்து, முன்னால் மல்லிகைச் சரம் தொங்க நிற்கிறது. டிரைவர் புதுக் காக்கிச் சட்டையில் இருக்கிறார். முதலாளியிடம் கெஞ்சி, இன்னொரு வண்டியின் செல்ஃப் மோட்டாரையும் பேட்டரியையும் ஒருநாளைக்கு வாங்கி மாட்டியிருக்கிறார்கள். பெல்ட் புதிது, ஹோஸ் புதிது. கண்டக்டர் என் பக்கம் குனிந்து, “நம்ம வண்டி மானத்தக் காப்பாத்திட்டோம் டீச்சர்” என்றார். வண்டி நன்றாக ஓடினால் என் சீட்டுகள் அத்தனையும் பொய்யாகிவிடும்.

பெரிய டீச்சர் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் இன்ஜின் பிடித்தது. காய்கறிக் கூடையோடு வந்த ஒரு அம்மா, வேறு பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்று எழுந்தே விட்டாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. எல்லா நிறுத்தத்திலும் சொன்ன நேரம். வாழ்க்கையிலேயே அன்று ஒருநாள்தான் ஒரு பஸ் கெட்டுப்போக வேண்டும் என்று ஆண்டாளை வேண்டினேன். அந்தப் பாழாய்ப்போன பெல்ட் அறுந்தால்கூடப் போதும் என்று பார்த்தேன். எதுவும் அறுந்துபோகவில்லை. டிரைவரின் பின்னந்தலையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

ராஜபாளையத்துக்கு முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றது. இன்ஜின் மட்டும் பழையதுதானே, சும்மா நிற்கும்போது இரண்டு தடவை இருமியது.

அவ்வளவுதான். பின்னால் இருந்த ஆண்கள் எல்லோரும் எழுந்தார்கள். யாரும் சொல்லவில்லை, விசில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்கள். கல்லூரிப் பையன்கள் புத்தகங்களைப் பக்கத்துப் பெண்களின் மடியில் வைத்தார்கள். நாலு பேர் இறங்கியும் விட்டார்கள். பூக்காரி இருக்கைக்கு அடியிலிருந்து சக்கரத்துக்கு வைக்கும் கட்டையை எடுத்து சன்னல் வழியாக நீட்டினாள். ரேடியேட்டருக்கென்று ஒரு தூக்குவாளித் தண்ணீர் கைமாறிக் கைமாறி முன்னால் போனது.

இன்ஜின் சுதாரித்துக்கொண்டது. கண்டக்டருக்கு அவமானம் தாங்கவில்லை. யார் எழுந்திருக்கச் சொன்னது, உட்காருங்கள் என்று எல்லோரையும் சத்தம் போட்டார். இறங்கியவர்கள் ஏறினார்கள். மடித்த வேட்டிகள் இறங்கின. வாளி வந்த வழியே திரும்பிப் போனது. பெரிய டீச்சர் உட்கார்ந்தபடியே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நேராக உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவர் பார்த்ததுகூட மனதில் ஏறவில்லை. ஒன்பதுக்கெல்லாம் பள்ளி வாசலில் இருந்தோம். நல்ல வண்டி என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். அன்று எந்த வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

கடைசி மணி அடித்ததும் கூப்பிட்டார். மேஜையில் என் தாள், பக்கத்தில் சீட்டுக் கட்டு.

“சும்மா ரெண்டு இருமல் இருமுனதுக்கு அம்புட்டு ஆம்பளைகளும் எந்திரிச்சிட்டாங்க. அது எத்தனை நாள் பழக்கமா இருக்கும்? இதுக்கு மேல எனக்குச் சீட்டு எதுக்கு?” என்றார்.

பேனா மூடியைக் கழற்றினார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. பொய் தெரியாத அத்தனை பேர் எனக்காக எழுந்து நின்றது போலவும், நான் மட்டும் அவர்களுக்கு நடுவில் ஒரு கள்ளச் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது போலவும் இருந்தது.

“டீச்சர், அதுல ஒண்ணு பொய்” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “எதுன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லுவியான்னுதான் தெரியாம இருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை இரவல் மோட்டாரும் பேட்டரியும் அதனதன் வண்டிக்குப் போய்விட்டன. பஸ் நிலையத்திலேயே இன்ஜின் நின்றது. ஆண்கள் இறங்கினார்கள். நான் என் பையைப் பக்கத்துப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு இறங்கி, அவர்களுக்கு நடுவில் இடம் பார்த்துக் கையை வைத்தேன். அதுவரை எந்தப் பெண்ணும் இறங்கித் தள்ளியதில்லை. ஒருவர் கொஞ்சம் தள்ளி நின்று இடம் கொடுத்தார், அவ்வளவுதான். உள்ளங்கை நிறையக் கரியோடு பள்ளிக்குப் போய் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். பெரிய டீச்சர் என் கையைப் பார்த்தார். சீட்டு கேட்கவில்லை.