தகரக் கூரையை அழித்துவிட்ட பள்ளத்தாக்கு

கிளிநொச்சியில் மலை கிடையாது. உயரத்தில் நின்று எதையாவது பார்க்க வேண்டுமென்றால் இரணைமடுக் குளக்கட்டில்தான் ஏற வேண்டும். அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கு இப்போது மலைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. தாலி கட்டின கையோடு மாப்பிள்ளையையும் பெண்ணையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போய், பின்னால் பள்ளத்தாக்கு தெரியப் படம் எடுத்தால்தான் அவர்களுக்குக் கல்யாண அல்பம் நிறைகிறது. டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். அந்த வான்களில் கமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவள் நான்.

போன மாசியில் போனது கனடாக் காசில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா அங்கிருந்து வந்திருந்தா. எல்லாம் அவாவின் ஏற்பாடு. உடுப்பு, வான், தங்கும் ஹோட்டல், நான் எந்தப் பக்கம் திரும்பி நின்று எடுக்க வேண்டும் என்பது வரைக்கும்.

காலையில் புகார், அந்த மலைப் பனிமூட்டம், விலகுவதற்காக ஒரு வளைவில் காத்திருந்தோம். விலகியபோது கமராவை எந்தப் பக்கம் திருப்புவது என்றே தெரியவில்லை. சமதரையில் வளர்ந்தவளுக்குப் பள்ளத்தாக்கைப் படம் எடுப்பது லேசில்லை. கண் காண்கிற ஆழம் கமராவுக்குள் வராது, தட்டையாகிவிடும். பக்கத்தில் ஒரு மரம், நடுவில் ஒரு வீடு, அடியில் ஓடுகிற ஆறு என்று படிப்படியாக எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நடுவில் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தன. துருப்பிடித்த தகரக் கூரைகள், மேலே கல் வைத்தவை, ஒன்றிலிருந்து அடுப்புப் புகை. அவற்றை வைத்துத்தான் அந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தது.

"தங்கச்சி, அந்தத் தகரக் கொட்டிலுகள் விழாமல் எடுங்கோ," என்றா அக்கா. "விழுந்தாலும் பிறகு கொம்பியூட்டரிலை அழிச்சுப்போடலாம்தானே?"

"பாப்பம் அக்கா," என்றேன்.

பிறகு பெண்ணின் முதுகில் ஒரு கூடையைக் கட்டினார்கள். ஹோட்டலில் வாடகைக்குக் கிடைக்கிற கூடை, வர்ணம் பூசியது. பட்டுச் சேலையோடு தேயிலைக்குள் இறங்கி, பெண் முற்றின இலைகளைப் பிய்த்துக்கொண்டு சிரித்தாள். அதே சரிவில் உண்மையாகவே கொழுந்து எடுத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் மேலே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் கூடை இல்லை. உரச் சாக்கைக் கயிற்றால் தலையில் மாட்டியிருந்தார்கள்.

"அந்தத் தோட்டக்காட்டுச் சனத்தைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ. படம் பழுதாகுது," என்றா அக்கா.

தோட்டக்காடு என்கிற அந்தச் சொல்லை நான் எங்கே முதலில் கேட்டேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வன்னியில் நான் வளர்ந்த ஸ்கந்தபுரத்தில், பள்ளிக்கூடத்தில். நான் "ஓம்" என்னாமல் வீட்டுப் பேச்சில் "ஆமா டீச்சர்" என்றதற்கு வகுப்பே சிரித்தது. பின்வாங்கிலிருந்து ஒருத்தி அந்தச் சொல்லைச் சொன்னாள். வீட்டுக்குப் போய் ஒருவருக்கும் சொல்லாமல் "ஓம், ஓம்" என்று சொல்லிப் பழகினேன். அம்மா அப்பா எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். நான் வன்னியிலேயே பிறந்து, இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்தவள். அதற்குப் பிறகும் இந்தச் சொல்.

கமராவை இறக்கினேன்.

"அக்கா, நானும் தோட்டக்காட்டுச் சனம்தான். என்னையும் தள்ளி நிக்கச் சொல்லுங்கோ."

அவாவுக்கு முகம் சிவந்துபோனது. "ஐயோ, நான் உங்களைச் சொல்லேல்லை. உங்களைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லைத்தானே?"

அதை அவா எனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துச் சொன்னா. முதலில் சொன்னதைவிட அதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது. மாப்பிள்ளை ஓடிவந்து, "அக்கா பகிடிக்குச் சொன்னவா, மனசிலை வைக்காதேங்கோ," என்றான். பெண் கூடையோடு அப்படியே நின்றாள்.

நான் கொழுந்து எடுக்கிறவர்கள் பக்கம் போனேன். முன்னால் வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எந்தத் தோட்டம் நீங்க?" என்றாள்.

அம்மாவின் தோட்டத்தைச் சொன்னேன். தோட்டத்துப் பேச்சும் தானாக வந்தது. "நான் பொறந்தது இங்க இல்ல. எங்க அம்மாதான்."

"அது இந்த மலைக்கு அங்கிட்டு," என்று கையைக் காட்டினாள்.

"உங்கள ஒரு படம் எடுக்கவா?"

"வேணாங்க. வர்றவங்க போறவங்க எல்லாரும் எடுக்கிறீங்க. எடுத்து என்ன ஆச்சு?" சாக்கை இழுத்து மாட்டிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் கோபம். அவளுடைய கணக்கில் நானும் அந்த வானில் வந்தவள்தான்.

ஒப்புக்கொண்ட வேலையை முடித்தேன். லயங்கள் தெரியும்படியே எடுத்தேன். அல்பத்திலும் அப்படியே வைத்துக் கொடுத்தேன். ஒரு கிழமைக்குப் பிறகு அக்கா போன் எடுத்தா.

"சொன்னனான்தானே, ஏன் அழிக்கேல்லை?"

"அது சனம் இருக்கிற வீடு அக்கா. நான் அழிக்க மாட்டன்."

"உம்மடை விருப்பத்துக்கோ நாங்கள் படம் எடுப்பிச்சனாங்கள்?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டா. மரியாதையான "நீங்கள்" எப்போது "நீர்" ஆனது என்று அப்போதுதான் கவனித்தேன்.

வேறு யாரிடமோ கொடுத்து அழிப்பித்திருக்கிறார்கள். பிறகு அவர்கள் பகிர்ந்திருந்த அந்தப் படத்தைப் போனில் பார்த்தேன். லயங்கள் இருந்த இடத்தில் தேயிலை. ஒரே செடித் துண்டை வெட்டி வெட்டி ஒட்டியிருந்தார்கள். புகையை மட்டும் விட்டிருந்தார்கள், புகார் என்று நினைத்திருப்பார்கள். அடுப்பில்லாத இடத்திலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. கீழே நூறு பேர் "என்ன வடிவான இடம்" என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கோபத்தில்தான் என்னிடமிருந்த மூலப் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, ஸ்கந்தபுரத்துக்கு அம்மாவிடம் கொண்டுபோனேன். அம்மா பார்த்தால் பெருமைப்படுவா என்று நினைத்தேன்.

அம்மா மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தா. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நீண்ட நேரம் பார்த்தா.

"இத எதுக்கு இவ்வளவு பெருசாக்குன?"

"வடிவா இருக்கெல்லோ அம்மா. லயத்தையும் விடாமல் எடுத்தனான்."

"மேல ரோட்டுல நின்னு பார்த்தா எல்லாம் அழகாத்தான் தெரியும்." விரலைச் சரிவில் வைத்தா. "இந்த மாதிரி எடத்துலதான் என் தங்கச்சி மழையில வழுக்கி விழுந்தா. முதுகுல கொழுந்துக் கூடை. தூக்கிட்டுப் போக ஒரு லொறி குடுக்கல. கம்பளியில கட்டித் தூக்கிட்டுப் போனோம், பாதி வழியில போயிட்டா. இத நான் சுவத்துல மாட்டி வெச்சு தெனமும் பார்க்கணுமா?"

அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தா என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" நான் கத்திவிட்டேன்.

"சொல்லி? அங்க அடிச்சு விரட்டுனான். இங்க வந்தா வேற பேரு வெச்சுக் கூப்பிட்டான். நீ ஓம் ஓம்னு பேசிப் பழகுனப்ப, சரி, இவளாவது தப்பிச்சுக்கட்டும்னு இருந்தேன்." அம்மா அழவில்லை. "எனக்குக் கோபம் இல்லைன்னு நெனச்சியா புள்ள?"

படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூடியோவில் மாட்டினேன். மலையில் படம் எடுக்கக் கேட்டு வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே இருப்பது எல்லாம் படத்தில் இருக்கும், ஒன்றையும் அழித்துத் தரமாட்டேன். சிலர் எழும்பிப் போய்விடுகிறார்கள். கனடா அக்காவின் சொந்தக்காரர் ஒருவரும் இப்போது என் கடைப் பக்கம் வருவதில்லை. வராமலே இருக்கட்டும்.

சித்திக்கு ஒரு படம்கூட இல்லை. அவா எப்படி இருப்பா என்று கேட்டதற்கு, "உன்ன மாதிரித்தான், நெத்தி மட்டும் அகலம்," என்றா அம்மா. வேறு ஒன்றும் இன்னும் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.