பவளக்காவின் பொயிலரும் பதினொரு மாச்சட்டிகளும்

முதலிலேயே கையிலடித்துச் சொல்லிவிடுகிறேன்: கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் வருகிற தை மாதம், ஒஸ்லோவில் என் அம்மருட் வீட்டில் நான் சவர்க்காரம் போட்டு நிற்கிற நேரம் பார்த்துச் சுடுதண்ணி நின்றுபோகட்டும்.

வீட்டைச் சூடாக்கும் பொயிலரைத் திருத்துகிறவனும் வைத்தியன் மாதிரித்தான். ஆனால் வைத்தியனிடம் ஒருவரும், "இது இன்னும் எத்தனை வருசம் இழுக்கும், இல்லாட்டி புதுசு வாங்கட்டோ?" என்று கேட்பதில்லை. என்னிடம் முப்பது வருசமாக அதைத்தான் கேட்கிறார்கள். குளிர்நாட்டில் பொயிலரோடு குடித்தனம் நடத்தும் சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நோயாளியைக் கண்ட கதை

ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பக்கம், கடைத்தொகுதிக்கு மேலே ஏறினால் ஒரு பழைய மரவீடு. வீட்டுக்காரர் தவராசா, ஒஸ்லோவில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி பவளக்கா. கீழறையில் நின்ற பொயிலரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினேன். அவ்வளவு வயது. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் மேலே வீட்டைக் கட்டியிருக்கவேண்டும். எண்ணெய் எரிக்கக்கூடாதென்று சட்டம் வந்தபோது யாரோ அடுப்பைக் கழற்றிவிட்டு, அதே இரும்பு வயிற்றுக்குள் மின்சாரச் சுருளைச் செருகியிருந்தார்கள். அறைகளில் சூடு தரும் ரேடியேட்டர்களுக்குப் பாதிச் சூட்டை அனுப்பிவிட்டு, மிச்சப் பாதியைத் தான் நிற்கிற அறையிலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

"மாத்தவேண்டியதுதான்," என்றேன். தவராசாவின் முகம் மலர்ந்தது. பவளக்கா பொயிலருக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே பலகைத் தட்டில் பதினொரு சட்டிகள் வரிசையாக இருந்தன, எல்லாம் தோசை மா. தை மாதத்து ஒஸ்லோவில் மா புளிக்கவைப்பது எவ்வளவு பாடு என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் வைத்தாலும் அரைத்தது அரைத்தபடியே கிடக்கும். பவளக்காவின் கீழறையில் ஆறே மணித்தியாலம். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் தமிழ்ச் சனம் சட்டியோடு வந்து வைத்துவிட்டு, சனிக்கிழமை வந்து எடுத்துப்போகும். ஒருமுறை நான் இறங்கும்போது பொங்கின மா ஒன்று மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. நாலாம் படியில் சந்தித்தோம். நான்தான் விலகி வழி விட்டேன்.

பவளக்கா சொன்னார்: "அண்ணை, பழுதெண்டா திருத்துங்கோ. மாத்திற கதை இந்த வீட்டிலை கதையாதேங்கோ."

நான் செய்த உதவி

திருத்தினேன். பம்பை மாற்றினேன். போகிறபோக்கில், கேளாமலே ஒரு நன்மையும் செய்தேன்: சூடு வீணாகப் போகிறதே என்று குழாய்கள், பொயிலரின் முதுகு, வயிறு எல்லாவற்றையும் பஞ்சுக் காப்பால் இறுக்கிச் சுற்றிவிட்டேன். தொழில் தெரிந்தவன் எவனும் அதைத்தான் செய்வான். மேல்வீடு கதகதவென்று சூடானது. தவராசா சட்டைக் கையை மடித்துவிட்டு என்னைக் கும்பிட்டார்.

சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. பதினொரு சட்டியும் பொங்காமல் படுத்துவிட்டனவாம். கலியாணவீட்டுக்கென்று வைத்த மாவும் அதில் ஒன்று. நான் ஓடிப்போய், என் கையால் சுற்றியதை என் கையாலேயே அவிழ்த்தேன். சூட்டை ஒழுகவிடுவதற்காக வேலை செய்த ஒரே பொயிலர்காரன் இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன். பவளக்கா பக்கத்தில் நின்று பார்த்தார்.

"உதுக்குச் சட்டை போடச்சொல்லி உங்களிட்டை ஆர் கேட்டது?"

நாலு நாட்டு ஆலோசனை

மாசிக் கடைசியில் பொயிலரின் அடியில் துருத்தண்ணி கசியத் தொடங்கியது. இரும்பில் வெடிப்பு. ஒட்டலாம், ஆனால் ஒட்டு எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல என்னால் முடியாது. தவராசா கைபேசியில் குடும்பம் முழுவதையும் கூட்டினார். லண்டன் தம்பி, "காஸ் பொயிலர் போடு," என்றார். இந்த வீட்டுக்கு அந்தக் குழாயே வருவதில்லை. கனடா மைத்துனி, "சூடான காத்து ஊதிற மெசின்தான் திறம்," என்றார். பாரிஸ் மச்சான் பஞ்சாங்கத்தைப் புரட்டி, வளர்பிறையில் கழற்றக்கூடாது என்றார். சுவிஸ்காரர் அதற்கு மறுத்து ஏதோ சொல்ல, பொயிலரை விட்டுவிட்டு, யார் யாருடைய கலியாணத்துக்கு வரவில்லை என்ற கணக்குக்குப் போனார்கள். அதற்குள் தண்ணி என் சப்பாத்தைத் தொட்டுவிட்டது.

பவளக்கா கைபேசியைப் பறித்து நிறுத்தினார்: "எல்லாரும் தங்கட தங்கட வீட்டுச் சூட்டிலை குந்தியிருந்து கதைக்கினம்!"

வாளிக்குப் பக்கத்தில்

தவராசா கசிந்த தண்ணியை ஊற்ற வாளியோடு மேலே போன நேரம், பவளக்கா கடைசிப் படியில் குந்திவிட்டார். நான் வாய்விட்டுப் பகிடி பண்ணப் பார்த்தேன். "என்ன அக்கா, தோசைக்கு இவ்வளவு காதலோ?" என்றேன். அவர் சிரிக்காமல் கணக்குச் சொன்னார். மகன் பேர்கன் நகரில், மகள் திராமன் நகரில். வேலை, பிள்ளைகள், அவர்கள் வருவதென்றால் மாதத்தில் ஒருமுறை. மற்றநாளில் இந்த வீட்டுக்கு மணி அடிக்கிறவர்கள் சட்டிக்காரர்தான். வந்தவர் சும்மா போவதில்லை. தேத்தண்ணி குடித்து, ஊர் உலகமெல்லாம் கதைத்துவிட்டுத்தான் போவார்கள்.

"அண்ணை, சனம் மாவுக்காண்டித்தான் வருகுதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சாப்போலை வரவேண்டாமெண்டு சொல்லேலுமே?"

"இது இனி நிக்காது அக்கா, மாவுக்குச் சூட்டை நான் பாக்கிறன்," என்றேன். ஒட்டுப் போடுகிற பசையை மூடிப் பைக்குள் வைத்தேன்.

மாவுக்கு ஒரு ரேடியேட்டர்

மாற்றினோம். புதியது ஒரு பயணப்பெட்டி அளவு, சுவரில் தொங்கும். தொட்டால் குளிரும், ஒரு சொட்டுச் சூட்டையும் வெளியே விடாது. அதனால் கீழறையில், சட்டித் தட்டுக்கு நேர் கீழே, எவரும் கேளாத ஒரு பெரிய ரேடியேட்டரைப் பூட்டிவிட்டேன். மின்சார வேலைக்கு என்னோடு வந்த நொர்வேக்காரன் ஓலா, யன்னலில்லாத அந்த அறையைச் சுற்றிப் பார்த்து, "இங்கே யார் குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டான். "பதினொரு பேர்," என்றேன். அவன் கையிலிருந்த படிவத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை சட்டிகள் பதின்மூன்று வந்தன. புதுப் பொயிலர் பார்க்கவென்று இரண்டு குடும்பம் கூட. பவளக்கா தேத்தண்ணிக்கு இரண்டாம் கேத்திலையும் அடுப்பில் வைத்தார். மேலே, மின்சாரச் செலவுக்குப் பயந்து சூட்டைக் குறைத்துவைத்துவிட்டுத் தவராசா குளிர்ச்சட்டையோடு குந்தியிருந்தார். பிறகு தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"மனுசருக்குப் பத்தொன்பது பாகை, மாவுக்கு இருபத்தெட்டு. நான் பதினாலாம் சட்டியாப் போய்ப் படுக்கிறன்."

ஆகவே சகோதரங்களே, பழைய பொயிலரைத் திருத்துவதா மாற்றுவதா என்று முடிவெடுக்கமுதல் அதன் முதுகுப்பக்கத்தில் என்ன இருக்கிறதென்று எட்டிப்பாருங்கள், ஆனால் இதைச் சொன்னது நானென்று ஒருவரிடமும் வாய்விட்டுவிடாதீர்கள், தவராசாவுக்கு அந்த ரேடியேட்டர் "அரசாங்கச் சட்டம்" என்றுதான் இன்னும் சொல்லிவைத்திருக்கிறேன்.